மானியப் பணம் ஊருக்கு வராது, கிளைகளுக்கு வரும்

அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாடுகளில் கிளைகள் உள்ள நம் ஊர்ச் சங்கத்தின் பொதுக்குழு முடிந்ததிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. நாம் வசிக்கிற நாடுகளில் சமூக அமைப்புகளுக்கு மானியம் தருகிறார்களாமே, அதை வாங்கி ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை கட்டலாமா என்று. முடியாது. நகராட்சியோ கவுன்சிலோ சமூக அறக்கட்டளையோ தருகிற பணம் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்காக ஒதுக்கியது. அதைக் கடல் தாண்டி அனுப்பினால் திருப்பிக் கேட்பார்கள். அடுத்த முறை சங்கத்தின் பெயரைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை ஓரம் கட்டிவிடுவார்கள்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சமூக அறக்கட்டளை என்ற ஏற்பாடே அப்படிப் பிறந்ததுதான். 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் பிரடெரிக் கோஃப் என்ற வங்கிக்காரர் முதல் அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த ஊர்க்காரர்கள் விட்டுச்சென்ற சொத்துகளை ஒன்றாகச் சேர்த்து, அந்த ஊரின் தேவைக்கே செலவிட வேண்டும் என்பது திட்டம். கனடாவில் 1921-இல் வின்னிபெக் அதைப் பின்பற்றியது. யோசித்துப் பார்த்தால் அவையும் ஊர்ச் சங்கங்கள்தான், ஊர் மட்டும் வேறு.

ஆனால் நம் கிளைகள் அங்கங்கே செய்கிற வேலைக்கும், செய்ய நினைத்துக் காசில்லாமல் விட்ட வேலைக்கும் இந்தப் பணம் நன்றாகவே பொருந்தும். அரங்கு வாடகை, இன்ஷூரன்ஸ், பயிற்றுநர் சம்பளம் எல்லாம் இப்போது சந்தாவிலிருந்துதான் போகின்றன. அவற்றை மானியம் ஏற்றுக்கொண்டால், சந்தாவில் மிஞ்சுவதை ஊருக்கு என்று தனியாக எடுத்துவைக்கலாம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: விண்ணப்பத்தை நம் ஊரை மனத்தில் வைத்து எழுதாதீர்கள், நீங்கள் குடியிருக்கிற தெருவை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

நான் இருக்கிற வட்டாரத்தில் சிறு மானிய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் தன்னார்வலராகச் சில காலம் இருந்திருக்கிறேன். தமிழர்கள் மட்டுமில்லை, எந்த நாட்டுக்காரர்களின் சங்கமாக இருந்தாலும் முதல் பத்தி ஒரே மாதிரிதான் இருக்கும். “எங்கள் தொன்மையான பண்பாட்டை இளைய தலைமுறைக்கு எடுத்துச்செல்வது எங்கள் நோக்கம். ஆண்டு விழாவைச் சிறப்பாக நடத்தி வருகிறோம். இந்த ஆண்டும் நடத்த நிதி தேவை.” இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கிறவர் தேடுவது வேறு. இந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன சிரமம், இந்தப் பணத்தால் அதில் எது மாறும், மாறியது என்று எப்படித் தெரியும். அந்த மூன்றுக்கும் மேலே உள்ள பத்தியில் பதில் கிடையாது. அதனால் மதிப்பெண்ணும் கிடையாது.

அதே சங்கம் இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

“எங்கள் பகுதியில் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் முதியவர்கள் பலர் கார் ஓட்டுவதில்லை, ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறார்கள். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பியபின் மாலைவரை வீட்டில் தனியாக இருக்கிறார்கள். புதன்தோறும் காலை 10 முதல் 1 மணி வரை, நூலகத்துக்கு அருகிலுள்ள அரங்கில் 25 பேருக்கு ஒரு கூடுகை நடத்துவோம். உட்கார்ந்தபடி செய்யும் உடற்பயிற்சி, தனியாகப் பேருந்தில் போய்வரப் பழகுவது, மருத்துவரிடம் போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கப் பழகுவது ஆகியவை நடக்கும். 40 வாரம். தமிழ் தெரியாத முதியவர்களும் வரலாம்.”

பண்பாடு என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் அந்த அரங்கில் அவர்கள் பாடத்தான் போகிறார்கள், ஊர்க்கதை பேசத்தான் போகிறார்கள். அதை யாரும் தடுக்கப்போவதில்லை. இதோடு பக்கத்து மருத்துவமனையிலிருந்தோ நூலகத்திலிருந்தோ, இப்படி ஒன்று தேவை என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம் வாங்கி இணையுங்கள். முதியவர்களிடமே நாலு கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதைச் சுருக்கமாகச் சேருங்கள். “தேவை இருப்பதை எப்படி அறிந்தீர்கள்” என்று அனேகமாக எல்லாப் படிவத்திலும் ஒரு கட்டம் இருக்கும். அங்கே நம் ஆட்கள் “எங்களுக்கே நன்றாகத் தெரியும்” என்கிற தொனியில் எழுதிவிடுகிறார்கள்.

அடுத்தது தாள்கள். ஊர்ச் சங்கங்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

நம் கமிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர், செயலாளரின் தாய்மாமன். பொருளாளர், தலைவரின் சம்பந்தி. நமக்கு இது இயல்பு, ஒரே ஊரில் பிறந்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? ஆனால் பிரிட்டனில் லாட்டரி சமூக நிதியம் தருகிற ‘அவார்ட்ஸ் ஃபார் ஆல்’ மானியத்தை எடுத்துக்கொண்டால், கமிட்டியில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேராவது இருந்தாக வேண்டும். ரத்த உறவு, திருமணம், ஒரே முகவரியில் குடியிருப்பது எல்லாமே உறவுக் கணக்கில் வரும். சங்கக் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கையெழுத்திடுகிற இருவரும் அப்படியே. இங்கிலாந்தில் இந்த மானியம் 300 பவுண்டிலிருந்து 20,000 பவுண்டு வரை, இரண்டு ஆண்டுவரையான திட்டங்களுக்குக் கிடைக்கிறது. பதிவுசெய்த அறக்கட்டளையாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எழுதிய விதிமுறையும் சங்கப் பெயரில் வங்கிக் கணக்கும் உள்ள தன்னார்வ அமைப்பாக இருந்தால் போதும். இவ்வளவு எளிதான ஒன்றை மாமன் மச்சான் கணக்கில் கோட்டைவிடக் கூடாது. லண்டன் கிளைக்கு என் யோசனை: அடுத்த தேர்தலில் வெளியாட்கள் இரண்டு பேரைக் கமிட்டிக்குள் கொண்டுவாருங்கள். முதியோர் கூடுகைக்கு உதவுகிற பக்கத்துத் தெருக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

பைலாவில், அதாவது சங்கத்தின் எழுதிய விதிமுறையில், இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, “நம் ஊரைச் சேர்ந்தவர்களின் நலனுக்காக மட்டும்” என்ற மாதிரி வாசகம். அந்த ‘மட்டும்’ பெரிய தடை. வாக்குரிமை ஊர்க்காரர்களிடம் இருக்கட்டும், ஆனால் மானியம் கேட்கிற நிகழ்ச்சியின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பது தாளில் தெரிய வேண்டும். இன்னொன்று, சங்கத்தைக் கலைத்தால் மிச்சப் பணம் எங்கே போகும் என்பது. உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள் என்றோ, ஒன்றுமே எழுதாமலோ விட்டிருந்தால் லாப நோக்கற்ற அமைப்பு என்று ஏற்கமாட்டார்கள். இதே போன்ற நோக்கமுள்ள இன்னோர் அமைப்புக்குப் போகும் என்று இருக்க வேண்டும். பைலாவைத் திருத்தப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும் என்பதால் இந்த வேலையை விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் ஆரம்பிக்க முடியாது.

சங்கத்தின் பெயரையும் சரிபாருங்கள். ஆங்கில எழுத்தில் பைலாவில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் இன்னொரு மாதிரி எழுதியிருப்போம். கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு அமைப்புகள். நல்ல விண்ணப்பம் ஒன்று இந்தக் காரணத்துக்காகவே வாரக்கணக்கில் கிடப்பில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது, நம் சங்கக் குழுவில் கேட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸில் அறப்பணி நோக்கமுள்ள அமைப்பின் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால், அத்தகைய அமைப்புகளைக் கண்காணிக்கிற சாரிட்டி கமிஷனில் பதிய வேண்டும். பெரிய மானியம் ஒன்று கிடைத்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

அமெரிக்காவில் 501(சி)(3) என்ற வரிவிலக்கு அந்தஸ்து இல்லாமல் சமூக அறக்கட்டளைகளிடம் போவது கடினம். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள்ளும் சொத்து 2,50,000 டாலருக்குள்ளும் உள்ள சிறு சங்கங்கள் பொதுவாக 1023-ஈஸி என்ற சுருக்கப் படிவத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 275 டாலர். அந்தஸ்தை வாங்குவதைவிடக் காப்பாற்றுவதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். வரவு குறைவான சங்கம் ஆண்டுதோறும் வரித் துறைக்கு 990-என் என்ற மின்னட்டையை இணையம் வழியாக அனுப்ப வேண்டும். நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. தொடர்ந்து மூன்று ஆண்டு அனுப்பாவிட்டால் அந்தஸ்து தானாகவே பறிபோய்விடும், பெரும்பாலும் செயலாளர் மாறும்போது இது நடக்கிறது. நியூ ஜெர்சி தம்பி, உங்கள் கிளையின் பழைய செயலாளரிடம் இதை இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

கனடாவில் லாப நோக்கற்ற அமைப்பு வேறு, பதிவுபெற்ற அறக்கட்டளை வேறு. வரிவிலக்கு ரசீது கொடுக்க இரண்டாவதால்தான் முடியும். ஆனால் மானியத்துக்கு எப்போதும் அது தேவை என்றில்லை. ஒன்டாரியோ மாகாண அரசின் மானிய அமைப்பான ஒன்டாரியோ ட்ரில்லியம் ஃபவுண்டேஷன், நிறுவனமாகப் பதிந்த லாப நோக்கற்ற அமைப்புகளின் விண்ணப்பங்களையும் ஏற்கிறது.

சங்கம் இன்னும் பதிவே ஆகவில்லை என்று சிட்னியிலிருந்து எழுதியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் அதற்கு ‘ஆஸ்பிஸ்’ என்று ஒரு வழி இருக்கிறது. பதிவுபெற்ற இன்னோர் அமைப்பு உங்களுக்காகப் பணத்தை வாங்கிக் கணக்கு வைக்கும், வேலையை நீங்கள் செய்வீர்கள். அமெரிக்காவிலும் ‘ஃபிஸ்கல் ஸ்பான்சர்’ என்ற பெயரில் இதே போன்ற ஏற்பாடு உண்டு. யார் எதற்குப் பொறுப்பு, அவர்கள் எவ்வளவு கட்டணம் எடுப்பார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

வரவு செலவுத் திட்டம் பற்றி. “இதர செலவுகள்” என்று ஒரு வரி போட்டு, அதில் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மதிப்பெண் போடும் குழுவில் எல்லாருடைய பேனாவும் போய் நிற்கிற வரி அதுதான். அரங்கு வாடகை என்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, வாரம் எத்தனை மணி, எத்தனை வாரம் என்று பெருக்கிக் காட்டுங்கள். பெரிய பொருளுக்குக் கொட்டேஷன் இணையுங்கள். தன்னார்வலர்கள் கொடுக்கிற நேரத்தையும் சங்கத்தின் பங்களிப்பாகக் காட்டலாம் என்று சில நிதியங்கள் அனுமதிக்கின்றன, அனுமதித்தால் விடாதீர்கள். நாற்காலி அடுக்குவதிலிருந்து வண்டி ஓட்டுவதுவரை நாம் இலவசமாகச் செய்கிற வேலை கொஞ்சமா என்ன? முதியவர்களையோ குழந்தைகளையோ வைத்து நடத்துகிற எதற்கும் பாதுகாப்புக் கொள்கை, தன்னார்வலர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள். அந்தச் செலவையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். வழிபாடு, அரசியல் இரண்டுக்கும் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள்.

பணம் கைக்கு வந்தபின் அதற்குத் தனிப் பேரேடு. ரசீதுகளை அன்றன்றே படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். திட்டம் மாறினால், உதாரணமாக 25 பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் 12 பேர்தான் வருகிறார்கள் என்றால், மறைக்காமல் மானிய அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதுங்கள். அவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். கடைசி அறிக்கையில் முதல்முறையாகத் தெரியவந்தால்தான் முகம் மாறும்.

ஊருக்கு அனுப்புகிற பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தாலோ, வெளிநாட்டில் பதிந்த நம் கிளை கொடுத்தாலோ அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்குகிற ஊர் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. பதிவு இருக்கிற யாரையாவது பிடித்து அவர்கள் வழியாக அனுப்பலாம் என்று நம் சங்கக் குழுவில் வந்த யோசனை அதனால் சரிவராது. தனியாக ஓர் ஆடிட்டரைக் கேட்டபின் அதைப் பேசுவோம்.

கிளைப் பொருளாளர்கள் பைலாவின் நகல், கடைசி ஆண்டின் வரவு செலவுக் கணக்கு, இப்போதைய கமிட்டிப் பட்டியல் மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். பட்டியலில் யாருக்கு யார் என்ன உறவு என்பதையும் குறித்துவிடுங்கள். பெரும்பாலான கவுன்சில்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் விண்ணப்பத்தைத் திறக்கின்றன, உங்கள் பக்கம் எப்போது என்று பார்த்துச் சொன்னால் அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

அரங்கு முன்பணத்தையும் மானியத்தில் கேட்கலாமா என்று டொராண்டோ அக்கா கேட்டதற்கு: அரங்குக்கு ஏற்கெனவே கட்டிவிட்ட முன்பணத்தை விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். முடிவு வருவதற்கு முன் செய்த செலவை அனேகமாக யாரும் திருப்பித் தருவதில்லை. அனுமதிக் கடிதத் தேதிக்குப் பிந்தைய வாரங்களின் வாடகையை மட்டும் போட்டு அனுப்புங்கள், நானும் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.