எண்ணெய் அரசியல்: பிடி கிணறு வைத்திருப்பவர் கையிலா, கப்பலை ஓட்டுபவர் கையிலா?

ஊற்று:
எண்ணெய் விற்கும் நாடுகள்தான் உலக அரசியலைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. 1973 அக்டோபர் 16 அன்று குவைத்தில் கூடிய வளைகுடா நாடுகள் கச்சா எண்ணெயின் அறிவிப்பு விலையைப் பீப்பாய்க்கு 3.01 டாலரிலிருந்து 5.11 டாலருக்கு ஏற்றின. மறுநாள், இஸ்ரேலுடனான போரையொட்டி, அரபு நாடுகள் மாதம் 5 சதவீதம் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தன. 1974 ஜனவரி 1 அன்று விலை 11.65 டாலர். மூன்றே மாதத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு! ஐரோப்பியச் சமூகமும் ஜப்பானும் அந்த நவம்பரிலேயே மத்தியக் கிழக்கு பற்றிய தங்கள் நிலைப்பாட்டை அரபு நாடுகள் பக்கம் திருப்பி அறிக்கை வெளியிட்டன. வேறு எந்தச் சரக்கால் இதைச் சாதிக்க முடிந்திருக்கிறது?

மீகாமன்:
அதே அரபு நாடுகள் 1967 ஜூனிலும் இஸ்ரேலுடனான போரையொட்டி எண்ணெய் விற்பனைக்குத் தடை விதித்தன. அது ஏன் எடுபடவில்லை என்று பாருங்கள். அப்போது அமெரிக்காவில் எடுக்காமல் நிறுத்தி வைத்த எண்ணெய் நிறைய இருந்தது. டெக்சாஸ் கிணறுகள் மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்த மாநில ஆணையம்தான் நிர்ணயிக்கும். ஒதுக்கீட்டைத் தளர்த்தினார்கள், பற்றாக்குறை அடைபட்டது. 1972ல் அதே ஆணையம் 100 சதவீதம் எடுக்க அனுமதித்துவிட்டது. கையிருப்புத் திறன் தீர்ந்துபோன அடுத்த ஆண்டுதான் உங்கள் 1973. மாற்று இல்லாதபோது மட்டுமே கிணற்றுக்காரர் பலசாலி.

ஈரானையும் பாருங்கள். 1951ல் பிரதமர் மொசாதெக்கின் அரசு ஆங்கிலோ-ஈரானிய என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கியது. கிணறும் அபாதான் சுத்திகரிப்பு ஆலையும் ஈரானிடம்தான் இருந்தன. பிரிட்டன் எண்ணெய் வாங்குபவர்களை வழக்குப் போடுவதாக மிரட்டியது. ‘ரோஸ் மேரி’ என்ற டேங்கர் 1952ல் ஈரான் எண்ணெயோடு கிளம்பியபோது ஏடன் துறைமுகத்தில் சரக்கு முடக்கப்பட்டது. அதன்பின் மிகச் சிலரைத் தவிரக் கப்பல் அனுப்ப ஆளில்லை. 1953 ஆகஸ்டில் அரசு கவிழ்க்கப்பட்டது. 1954ல் ஈரான் எண்ணெயை எடுக்க வந்த நிறுவனக் கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 சதவீதம், பழைய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40 சதவீதம்.

ஊற்று:
அங்கே நீங்கள் சொல்லாமல் விட்ட பாதி முக்கியம். ஈரான் தோற்றதற்குக் காரணம், அந்தப் பற்றாக்குறையை குவைத்தும் சவுதியும் இராக்கும் நிரப்பியதுதான். அண்டை வீட்டுக் கிணறுதான் ஈரானைத் தோற்கடித்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1960 செப்டம்பரில் பாக்தாத்தில் ஈரான், இராக், குவைத், சவுதி, வெனிசுவேலா ஐந்தும் சேர்ந்து ஒபெக்கை உருவாக்கின. இன்றும் அதுதான் நடக்கிறது. 2022 அக்டோபரில் வாஷிங்டன் வேண்டாம் என்று வற்புறுத்தியும் ஒபெக் பிளஸ் (ஒபெக்கும் ரஷ்யா போன்ற கூட்டாளிகளும்) நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் குறைத்தது.

மீகாமன்:
20 லட்சம் என்பது காகிதக் கணக்கு. ஒவ்வொரு நாடும் எவ்வளவு எடுக்கலாம் என்ற ஒதுக்கீட்டின் அளவில்தான் வெட்டு. நைஜீரியா, அங்கோலா போன்றவை ஏற்கெனவே ஒதுக்கீட்டுக்குக் கீழேதான் எடுத்துக்கொண்டிருந்தன, அவற்றுக்குக் குறைக்க ஒன்றும் இல்லை. உண்மையான வெட்டு ஏறக்குறைய பாதி. இந்தச் செய்திகளைப் படிக்கும்போது ‘எந்த அளவிலிருந்து குறைக்கிறார்கள்’ என்று முதலில் பார்க்க வேண்டும். தலைப்பில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும்.

இப்போது கப்பல் பக்கம் வருகிறேன். உலகின் கடல்வழிக் கப்பல்களில் எடை அளவில் 90 சதவீதம்வரை மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு தருவது 12 பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கங்களின் ஒரே குழுமம். எண்ணெய் கசிந்தால் இழப்பீடு கட்டுவது இந்தக் காப்பீடுதான். அந்தச் சான்று இல்லாத டேங்கரை முறையான துறைமுகம் எதுவும் உள்ளே விடாது. 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் எண்ணெய்க்கு இந்தக் காப்பீட்டை நிறுத்தியது. வாங்க விரும்பிய ஜப்பான், ஒரு கப்பலுக்கு 760 கோடி டாலர்வரை அரசே பொறுப்பேற்கும் என்று தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஈரானின் கிணறு ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

ஊற்று:
அதே ஆயுதத்தை ரஷ்யாமீது வீசியபோது முனை மழுங்கியதா இல்லையா? 2022 டிசம்பர் 5 முதல் ஜி7 நாடுகள் பீப்பாய்க்கு 60 டாலர் உச்சவரம்பு வைத்தன. அதற்கு மேல் விற்றால் மேற்கத்தியக் காப்பீடு, கடன், தரகு எதுவும் கிடையாது. விளைவு என்ன? 15 வயது கடந்த பழைய டேங்கர்களை வாங்கிக் குவித்து நிழல் கப்பற்படை ஒன்றே உருவாகிவிட்டது. கொடியை மாற்றுகிறார்கள், இருப்பிடம் காட்டும் கருவியை அணைக்கிறார்கள், கிரேக்கத்தின் லக்கோனியா வளைகுடா அருகே நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுகிறார்கள். 2023 ஜூலையில் ரஷ்யாவின் முக்கிய ஏற்றுமதி வகையான யூரல்ஸ் விலை 60 டாலரைத் தாண்டியது. எண்ணெய் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

மீகாமன்:
ஓடியது, ஆனால் என்ன விலைக்கு? 2023 தொடக்கத்தில் பால்டிக் துறைமுகங்களில் யூரல்ஸ், உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெயைவிட 30 டாலருக்கும் மேல் மலிவாகப் போனது. உச்சவரம்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. விலையை நேரடியாக அறிந்தவர் தரகர். கப்பல் உரிமையாளருக்கு அவர் ஒரு உறுதிச்சான்று தருகிறார், காப்பீட்டாளர் அந்தச் சான்றை நம்பி ஒப்பந்தம் போடுகிறார். எண்ணெயை 59 டாலர் என்று எழுதிவிட்டு, மீதியைச் சரக்குக் கட்டணத்தில் ஏற்றிவிட்டால் சான்று சரியாகவே இருக்கும். பிழை சரிபார்ப்பு முறையில் இருக்கிறது. அதைப் பிடி தளர்ந்ததற்கான ஆதாரமாக நான் ஏற்கமாட்டேன்.

வடிகலன்:
இருவரும் எண்ணெயை ஒரே சரக்காகப் பேசுகிறீர்கள். சுத்திகரிப்பு ஆலைக்கு அடர்த்தியும் கந்தகமும் தெரியாமல் பீப்பாய்க் கணக்கு பயன்படாது. வெனிசுவேலாவின் மெரே வகை 16 டிகிரி ஏபிஐ (இந்த எண் குறையக் குறைய எண்ணெய் கனமாகும்). ஒரினோக்கோ படுகையில் நிலத்திலிருந்து வரும்போது 8 முதல் 10 டிகிரிதான், ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி. நாப்தா என்ற லேசான எண்ணெய்ப் பகுதியைக் கலந்தால்தான் குழாயில் ஓடும். 2019 ஜனவரியில் அமெரிக்கத் தடை வந்ததும் அங்கிருந்து வந்த நாப்தா நின்றது. நீர்க்கச் செய்ய நாப்தா இல்லாத கன எண்ணெய் கிணற்றடியிலேயே தேங்கியது. நிர்வாகச் சீரழிவும் முதலீட்டு வறட்சியும் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருந்தன. 1990களின் இறுதியில் நாளுக்கு 30 லட்சம் பீப்பாய் எடுத்த நாடு 2020ல் 5 லட்சத்துக்கும் கீழே போனது. உலகிலேயே பெரிய கையிருப்பு என்று பெயர். கலக்க நாப்தா இல்லையென்றால் அது வெறும் மண்ணடித் தார்.

மறுபக்கம், அமெரிக்க வளைகுடாக் கரை ஆலைகள் கன எண்ணெய்க்காகவே, அதன் அடிவண்டலை வெப்பத்தில் உடைக்கும் கோக்கர் அலகுகளில் பெரும் பணம் போட்டவை. அவற்றுக்கு ஷேல் பாறையிலிருந்து எடுக்கும் லேசான எண்ணெயை மட்டும் ஊட்டினால் வடிகோபுரத்தின் மேல் அடுக்கில் லேசான பகுதி நெரிசலாகும், கோக்கர் காலியாக நிற்கும். அதனால்தான் உலகிலேயே அதிகம் எடுக்கும் நாடு இன்னும் இறக்குமதி செய்கிறது. பிடி இரு பக்கமும் இருக்கிறது.

செலாவணி:
டாலரை யாரும் தொடவில்லையே. 1974ல் அமெரிக்கா சவுதியுடன் போட்ட 50 ஆண்டு பெட்ரோடாலர் ஒப்பந்தம் 2024 ஜூனில் முடிந்துவிட்டதே, அதைப் பற்றி?

மீகாமன்:
அப்படி ஓர் ஒப்பந்தம் காலாவதி ஆகவில்லை, தயவுசெய்து அதைப் பரப்ப வேண்டாம். 1974 ஜூனில் உருவானது பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டு ஆணையம். எண்ணெயை டாலரில் மட்டுமே விற்க வேண்டும் என்று 50 ஆண்டுக் கெடு எதுவும் அதில் இல்லை. டாலர் நிலைப்பதற்கு எளிய காரணம் உண்டு. சவுதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது, மிஞ்சிய வருமானத்தை உடனே போட்டு எடுக்கக்கூடிய ஆழமான சந்தை அமெரிக்கப் பத்திரங்கள்தான்.

ஊற்று:
டாலர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 செப்டம்பர் 14ஐ மறக்காதீர்கள். சவுதியின் அப்கைக் ஆலை தாக்கப்பட்டது. கச்சா எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடையும் லேசான வாயுக்களையும் பிரித்து, டேங்கரில் ஏற்றும் நிலைக்குக் கொண்டுவரும் இடம் அது. ஒரே காலையில் நாளுக்கு 57 லட்சம் பீப்பாய் நின்றது, உலக அளவில் சுமார் 5 சதவீதம். திங்கட்கிழமை பிரெண்ட் கிட்டத்தட்ட 15 சதவீதம் ஏறி முடிந்தது. காப்பீட்டாளர் எவராலும் அந்தப் பீப்பாயை ஈடுகட்ட முடியாது. ஈடுகட்டியது சவுதியின் சேமிப்புத் தொட்டிகள்தான். நெருக்கடியில் உலகம் கடைசியாகக் கதவைத் தட்டுவது, 30 நாளில் திறந்து 90 நாள் தொடர்ந்து தரக்கூடிய உபரித் திறன் வைத்திருப்பவரிடம். அது பெரும்பாலும் சவுதியிடமும் அமீரகத்திடமும் இருக்கிறது.

மீகாமன்:
அந்த உபரி இருக்கும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். அது ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவிலுள்ள ஹார்முஸ் நீரிணைக்கு உள்ளே இருக்கிறது. 2024 கணக்கில் அந்த வழியாக நாளுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் போனது. போக ஒரு தடம், வர ஒரு தடம், ஒவ்வொன்றும் 2 கடல் மைல் அகலம். சுற்றிப் போகக் குழாய் உண்டு: அப்கைக்கிலிருந்து செங்கடல் ஓரம் யான்பூவுக்கு நாளுக்கு 50 லட்சத்துக்கும் மேல், அமீரகத்தின் ஹப்ஷானிலிருந்து ஃபுஜைராவுக்கு 15 லட்சம். அவசரத்துக்குக் கொள்ளளவைக் கூட்டலாம், ஆனால் அவற்றில் ஏற்கெனவே எண்ணெய் ஓடுவதால் முழுக் கொள்ளளவும் மிச்சமில்லை. குவைத்துக்கும் இராக்கின் பஸ்ராவுக்கும் அதுவும் கிடையாது. கப்பல் வராவிட்டால் கரையிலுள்ள தொட்டிகள் நிரம்பும், பிறகு கிணற்றை மூட வேண்டும். நீண்ட நாள் மூடிய கிணறுகளில் சில, திறக்கும்போது பழைய அளவு தருவதில்லை.