தூத்துக்குடி வெயிலில் ஃபிலிம் கழுவ வழி சொல்லுங்க

வணக்கம். பத்து வருஷமா டிஜிட்டல்லதான் எடுக்கிறேன். இப்போ தூத்துக்குடி உப்பளங்களை ஃபிலிம்ல எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். மாசம் ஒரு ரோல், 36 படம், மூணு வருஷம்னு திட்டம். கேமரா நிக்கான் எஃப்எம்2, கருப்பு வெள்ளை ஃபிலிம் இல்ஃபோர்டு எச்பி5.

முதல் ரோல்ல உப்புக் குவியல் சாம்பலா வந்துச்சு. வெள்ளையில கேமராவோட ஒளி மீட்டர் ஏமாந்திருக்கு. இப்போ மீட்டர் சொல்றதைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒளி அளவு) கூட்டுறேன். உப்பு வாருற அக்காவோட விரல் வெடிப்புகூட நெகட்டிவ்ல தெரியுது. பார்த்ததும் கண்ணு கலங்கிடுச்சு.

சிக்கல் கழுவுறதுலதான். ஃபிலிம் கழுவுற ரசாயனம் டி-76க்கு 20 டிகிரி வேணும். எங்க குழாய்த் தண்ணி 32. ஐஸ் வாளியில ஃபிலிம் கழுவுற டேங்கை வச்சாலும் சூடு ஏறிடுது. சூட்டுக்கு ஏத்த மாதிரி கழுவுற நேரத்தைக் குறைச்சா அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போய், வானம் திட்டுத்திட்டா வருது.

24 டிகிரியிலயே கழுவுறவங்க இருக்கீங்களா? நேரமும் குலுக்குற முறையும் சொல்லுங்க. அலசுற தண்ணியையும் குளிர வைக்கணுமா? அடுத்த ரோல் கேமராவுலயே காத்திருக்கு.