தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் காது கேட்காது, சர்ச் கல்யாணத்துக்கு தயாரிப்பு வகுப்பு எப்படி?

நெல்லைக்காரன்:
என் தங்கச்சிக்கு பிறவியிலயே காது கேட்காது, பேச்சும் வராது, பாளையங்கோட்டைல படிச்சவ. இப்ப நாகர்கோவில் பக்கம் ஒரு பையன் அமைஞ்சிருக்கு, அவனும் அப்படித்தான், ரெண்டு பேரும் கத்தோலிக்கர். ஓலை வாசிக்க (கோயில்ல கல்யாண அறிவிப்பு குடுக்க) முன்னாடி தயாரிப்பு வகுப்பு முடிக்கணும்னு பங்குக் கோயில்ல சொல்றாங்க, மத்த ஜோடிங்களோட உட்கார வச்சா இவங்களுக்கு என்ன புரியும்? அம்மா கூடவே போய் சைகைல சொல்றேங்குறாங்க. வாய் திறந்து சம்மதம் சொல்லலைன்னா கல்யாணமே செல்லாதுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் வேற பயமுறுத்திட்டார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வகுப்பு அண்ணன்:
அவர் சொன்னது தப்பு தம்பி. 1983 கத்தோலிக்க திருச்சபைச் சட்டம் 1104ஆம் பிரிவுல, பேச முடியாதவங்க அதுக்குச் சமமான சைகையால சம்மதம் சொல்லலாம்னு தெளிவா இருக்கு. 1106ல மொழிபெயர்ப்பாளர் வச்சுக்கவும் வழி இருக்கு, ஆனா அவர் நம்பத்தகுந்தவர்னு ஃபாதருக்கு உறுதியா தெரியணும். அம்மா வேண்டாம் தம்பி. ஃபாதர் பொண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியா கூப்பிட்டு விசாரிப்பார், யாராவது வற்புறுத்துனாங்களா, பிள்ளை பெத்துக்க சம்மதமான்னு, அம்மா பக்கத்துல இருந்தா அவ எப்படி மனசைத் திறப்பா? சைகை மொழி தெரிஞ்ச வெளியாள் ஒருத்தரைப் பிடிங்க, இவங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனியா வகுப்பு வைக்கச் சொல்லி ஃபாதர்கிட்ட கேளுங்க, தயங்கவே தயங்காதீங்க.

மெர்சி அக்கா:
என் அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே காது கேட்காது, அதனால சொல்றேன். எழுதிக் குடுத்தா போதும்னு விட்டுடாதீங்க, சைகைலயே வளர்ந்த நிறைய பேருக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது பாஷை மாதிரிதான், புத்தகத் தமிழ்ல "பிரமாணிக்கம்"னு (அதாவது ஒருத்தருக்கொருத்தர் உண்மையா இருக்குறது) எழுதி நீட்டினா தலையை ஆட்டிடுவாங்க. புரிஞ்சுதான்னு கேட்டாலும் ஆமான்னுதான் வரும். "உன் புருஷன் சம்பளத்தை அவன் அம்மாகிட்ட குடுத்தா நீ என்ன செய்வ?"ன்னு கேட்கச் சொல்லுங்க, அவ கை பேச ஆரம்பிச்சிடும். பாவசங்கீர்த்தனத்துக்கும் (ஃபாதர்கிட்ட பாவத்தை அறிக்கையிடுறதுக்கும்) விருப்பப்பட்டா மொழிபெயர்ப்பாளர் வச்சுக்கலாம், கேட்டதை அவர் வெளிய சொல்லவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. அப்புறம் 2024ல திருச்சூர்ல ஜோசப் தெர்மடம்னு காது கேட்காத ஒருத்தர் குருவாவே அபிஷேகம் ஆகியிருக்கார், தங்கச்சிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

கோட்டாறு தம்பி:
கல்யாணத்தன்னைக்கு ஒண்ணு கவனிங்க அண்ணே. வலது கையைச் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டுதான் சம்மதம் சொல்ல வைப்பாங்க, கையைப் பிடிச்சுட்டா இவங்க எப்படி சைகை காட்டுவாங்க? முதல்ல சைகைல சொல்லி முடிக்கட்டும், அப்புறம் கை சேர்க்கலாம்னு ஃபாதர்கிட்ட முன்கூட்டியே பேசி ஒருவாட்டி ஒத்திகையும் பார்த்துடுங்க. சாட்சி ரெண்டு பேருக்கும் சைகை தெரிஞ்சிருந்தா ரொம்ப நல்லது. மொழிபெயர்ப்பாளர் ஃபாதர் பக்கத்துலயே வெளிச்சத்துல நிக்கணும், போட்டோகாரர் நடுவுல மறைச்சா இவங்களுக்கு பூசையே கட் ஆயிடும், அவர்கிட்ட நீங்களே கறாரா சொல்லி வைங்க.