293, 298 பிரிவுகளுக்குச் சொல்: சனிக்கிழமைக்கு முன் வேண்டும்

உப்புவெளியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். தமிழில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்குச் சனிக்கிழமை குறிப்புக் கொடுக்க வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 293ஆம் பிரிவைக் ‘குற்றமுறு மனிதக்கொலை’ என்றும், 298ஐக் ‘கவனயீனத்தால் மரணம் விளைவித்தல்’ என்றும் எழுதியிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “கந்தளாய் வீதியில் தலைதெறிக்கப் பஸ் ஓட்டி ஒருவரைச் சாகடிப்பதும் குற்றம்தானே, சேர்? அதை ஏன் குற்றமுறு கொலை என்று சொல்வதில்லை?” என்று கேட்டார். விளக்கம் சொல்லிவிட்டேன். கொல்லும் நோக்கம், சாவு நேரக்கூடிய காயம் செய்யும் நோக்கம், தன் செயலால் சாவு நேரக்கூடும் என்ற அறிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் 293. எதுவுமின்றி முரட்டுத்தனத்தாலோ கவனயீனத்தாலோ சாவு நேர்ந்தால் 298. பிரித்துக் காட்டுவது மனம். ‘குற்றமுறு’ என்ற சொல்லில் அந்த மனத்தைக் காணவில்லை.

நிலாவெளியிலிருந்து:

தம்பி, 293க்குக் ‘கைமோசக் கொலை’ என்ற நல்ல சொல் வழக்கில் இருக்க வேறு எதைத் தேடுகிறீர்கள்? மோசம் வடசொல் என்று தள்ளுபவர்கள் ‘கைப்பிழைக் கொலை’ எனலாம். ‘கை’ இங்கே உறுப்பு மட்டுமன்று. இறந்தவருக்கு இரங்கும் பாட்டான கையறுநிலையில் அது செயல். ஒருதலைக் காதலான கைக்கிளையில் சிறுமை என்றும் ஒருபக்கம் என்றும் உரைகாரர் கொள்வர். ஒருபக்கம் என்று கொண்டால், கொன்றவன் பக்கத்தில் மட்டும் நின்று பார்க்கும் கொலை என்ற பொருளும் கிடைக்கிறது. இதைத் தனி மடலாக விரிக்கிறேன்.

மூதூரிலிருந்து:

ஐயா, கைக்கிளையைப் பிறகு பார்ப்போம். கைமோசம் என்றால் கை தவறியது. கோட்டை வாசலில் மான் குறுக்கே பாய, சாரதி வாகனத்தைத் திருப்பி ஒருவர் இறந்தால் அது கைமோசம். அங்கே கவனயீனம்கூட இல்லாமல் இருக்கலாம். 293இலோ கொல்லும் நோக்கம்கூட இருக்கலாம். நோக்கம் இருந்தால், அதனிலும் கடுமையான கொலைக்குற்றமாக உயராதபோதும் 20 ஆண்டு வரை சிறை. அதற்குக் கை தவறியது என்று பெயர் வைத்தால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் சட்டத்தரணி மகிழ்வார். 298க்கு உச்சம் 5 ஆண்டு. 1860இன் இந்தியக் கோவையில் இப்படி ஒரு பிரிவே இருக்கவில்லை, 1870இல்தான் சேர்த்தார்கள். நமது 1883ஆம் ஆண்டுக் கோவை அதைத் தன்னுள் கொண்டே பிறந்தது.

தம்பலகாமத்திலிருந்து:

கவனயீனம் பாதி வடமொழி. வள்ளுவர் 54ஆம் அதிகாரம் முழுவதையும் பொச்சாவாமைக்குக் கொடுத்திருக்கிறார். பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. ‘பொச்சாப்பு மரணம்’ என்று எழுதுங்கள். அளவு கடந்த சினத்தைவிட மகிழ்ச்சி மிகுதியால் வரும் சோர்வு தீது என்று அவர் அங்கே சொல்கிறார். சட்டம் தண்டனையை மறுதலையாக அளக்கிறது. எனக்கு இது நெடுநாள் மனக்குறை. கன்றின் மேல் தேரை ஓட்டிய மகனிடம் மனுநீதிச் சோழன் நோக்கத்தைக் கேட்டானா?

மூதூரிலிருந்து:

கேட்கவில்லை. அதனால்தான் அவனை நீதவானாக இருத்த நான் அஞ்சுவேன். பொச்சாப்பு அழகான சொல். ஆனால் குற்றப்பத்திரத்தை வாசிக்கும்போது கூண்டில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதிக்குத் தன்மீது என்ன குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்பது விளங்க வேண்டும். அது அவருடைய உரிமை. கவனயீனம் என்றால் இங்கே குழந்தைக்கும் விளங்கும்.

உப்புவெளியிலிருந்து:

இரவு பதினொரு மணியாகிவிட்டது. 298க்குக் ‘கவனயீன மரணம்’ என்பதை ஐந்து பேர் ஏற்கிறார்கள், ஒருவர் மறுக்கிறார். 293க்கு ‘மனமறி ஆட்கொலை’ என்று நானே ஒன்றைக் கட்டினேன். நோக்கமும் அறிவும் இரண்டும் மனத்தில் அடங்கும். மூவர் சரி என்கிறார்கள். பழைய சொல்லையும் அருகில் எழுதிக் கொடுக்கிறேன், பரீட்சைத் தாளில் அதுதான் வரும்.

தம்பலகாமத்திலிருந்து:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இப்போது அது பொச்சாப்புக்காக அன்று. ‘மரணம்’ என்ற சொல்லுக்கு எதிராக. மரண விசாரணைக்கு வந்த ஒரு தாய் “என்ரை பிள்ளையைக் கொன்றுபோட்டான்” என்று அழுததை நான் கேட்டிருக்கிறேன். சட்டம் அவனைக் கொலைகாரன் என்று சொல்லாமல் இருக்கட்டும். ஆனால் ‘கவனயீன மரணம்’ என்று எழுதும்போது, ஓட்டியவன் வாக்கியத்திலிருந்தே இறங்கிப் போய்விடுகிறான். ‘விளைவித்தல்’ என்பதையாவது வெட்டாமல் விடுங்கள்.