மொரீஷியஸ், மஹேபூர் வீட்டு ஜன்னல்: குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

வள்ளி: (படம்) கடல் பக்கத்து அறை ஜன்னல். இரும்புச் சட்டத்தின் கீழ்மூலை கையோடு வந்துவிட்டது. நவம்பரில் புயல் பருவம் தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள் அம்மா. என்ன போடலாம்?

கமலா சித்தி: அத்தான் இருந்தவரை வருடாவருடம் பெயிண்ட் அடித்துக் காப்பாற்றினார். நாகோவே போடு வள்ளி, அதுதான் சாய்த்துத் திறக்கிற கண்ணாடிப் பட்டை ஜன்னல். காற்று அள்ளிக்கொண்டு வரும்.

சிவா மாமா: கடல் பக்கத்துக்கு நாகோ ஆகாது கமலா.

கமலா சித்தி: எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக இருக்கிறதே அண்ணா!

சிவா மாமா: உன் வீடு கடலை விட்டுத் தள்ளி காத்ர் போர்னில், சுற்றிலும் சுவர். இது தென்கிழக்குக் காற்றுக்கு முகம் காட்டி நிற்கிற வீடு. நாகோவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பட்டைக்குப் பட்டை இடுக்கு இருக்கும், மழை அடித்தால் உள்ளே சாரல்தான். திருடனுக்கும் வசதி. வெளியே நின்று கிளிப்பை வளைத்துக் கண்ணாடியை ஒவ்வொன்றாக உருவி வைத்துவிட்டு வருவான்.

குமரன்: அக்கா, ஸ்லைடிங் வேண்டாம் என்றும் சொல்லிவிடு. ஹோட்டலில் ஒவ்வொரு புயலுக்கும் அந்த ஜன்னல்களுக்கு அடியில் துண்டு போட்டுத் துடைப்பது நாங்கள்தான் 😅

வள்ளி: கடைக்காரர் ஸ்லைடிங்தான் மலிவு, எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றார்.

குமரன்: மலிவுதான். ஆனால் பாதி ஜன்னல்தான் திறக்கும். மழைத் தண்ணீர் வெளியேற கீழ் ட்ராக்கில் சின்ன ஓட்டைகள் இருக்கும். பொருத்த வருகிறவர் ஒழுகும் என்று நினைத்து அதையும் சிலிக்கானால் அடைத்துவிட்டுப் போவார். அப்புறம் ட்ராக் தொட்டிதான்.

சிவா மாமா: ஓட்டை திறந்திருந்தாலும் பெரும்புயலில் தாங்காது. புயல் எச்சரிக்கையில் உச்சமான நான்காம் எச்சரிக்கை என்றால் மணிக்கு 120 கி.மீ. காற்று. அது ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் ஏறக்குறைய 70 கிலோ கனத்தை வைத்து அழுத்தும். அதே அழுத்தம் ட்ராக்கில் நிற்கிற தண்ணீரை 7 செ.மீ. வரை மேலே தள்ளும். சாதாரண ட்ராக்கின் உள்விளிம்பு அவ்வளவு உயரம் இருக்காது, தாண்டி உள்ளே கொட்டும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 1975இல் ஜெர்வேஸ் புயல் வந்தபோது 280 கி.மீ. வரை அடித்தது.

அம்மா: அன்றைக்கு அப்பா எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். காற்று அந்த வழியாகப் போய்விடுமாம்.

சிவா மாமா: அக்கா, அதை மட்டும் இனி யாரும் செய்ய வேண்டாம். திறந்த ஜன்னல் வழியே புகுகிற காற்று கூரையைத்தான் கீழிருந்து தூக்கும். ஜெர்வேஸின் கண் தீவின் மேலேயே கடந்து போனது, நினைவிருக்கிறதா? கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்பி அடித்தது. எந்தப் பக்கம் காற்று அடிக்காத பக்கம் என்று யார் சொல்ல முடியும்?

வள்ளி: சரி மாமா, அப்படியென்றால் எதைப் போடுவது?

சிவா மாமா: வெளிப்பக்கம் திறக்கிற அலுமினியக் கதவு ஜன்னல். காற்று தள்ளத் தள்ள அது ரப்பரோடு இறுகும். பூட்டு ஒரு இடத்தில் போதாது, மேலும் கீழும் வேண்டும்.

கமலா சித்தி: கண்ணாடி டெம்பர்டு போடுங்கள், சூடாக்கி இறுக்கியது. கெட்டி. உடைந்தாலும் கையைக் கிழிக்காது.

குமரன்: சித்தி, கெட்டிதான். ஆனால் பறந்து வருகிற தகரத்துண்டு ஓரத்தில் பட்டால் முழுதும் பொரியாகக் கொட்டிவிடும், ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் துவாரம்தான். லேமினேட்டடில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டுப்படலம் இருக்கிறது. விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே நிற்கும். கடல் பக்கத்துக்கு அதுதான்.

கமலா சித்தி: குறுக்கே டேப் ஒட்டினால் போதாதா?

குமரன்: போதாது சித்தி. உரிக்கிறபோதுதான் கஷ்டம்.

வள்ளி: பழைய இரும்புச் சட்டத்தை எடுக்காமல் அதன் மேலேயே அலுமினியத்தைப் பொருத்தலாம், சுவர் உடையாது என்கிறார் கடைக்காரர்.

சிவா மாமா: கூடவே கூடாது. இரும்பு துருவாக மாறினால் பருமன் கூடும். ஜன்னலுக்குக் கீழே சிமென்ட் வெடித்திருப்பது ஏன் என்று நினைக்கிறாய்? மேலே மூடினாலும் உள்ளே அது ஊதிக்கொண்டேதான் இருக்கும். இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒட்டியிருந்தால் அலுமினியமும் அரிக்கும். உடைத்தே எடுக்கட்டும், பூச்சு வேலைக்குத் தனியாகப் பணம் ஒதுக்கு.

குமரன்: கொட்டேஷனில் இதையும் எழுதச் சொல் அக்கா: கடலோரத்துக்கான பவுடர் கோட்டிங், அதாவது குவாலிகோட் சீசைடு. ஸ்க்ரூவும் கீலும் 316 ஸ்டெயின்லெஸ், உப்புக் காற்றைத் தாங்குகிற ஸ்டீல் ரகம். எங்கள் ஹோட்டலில் சட்டம் நன்றாகவே இருக்கிறது, ஸ்க்ரூத் தலையைச் சுற்றித்தான் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிறது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பாதிப் பிரச்சினை இல்லை.

அம்மா: எனக்குச் சமையலறையில் காற்று வேண்டும். கேஸ் அடுப்பு. இரவெல்லாம் மூடிக்கொண்டு கிடக்க முடியாது. கொசு வேறு.

கமலா சித்தி: அதைத்தானே நானும் காலையிலிருந்து சொல்கிறேன் அக்கா!

வள்ளி: சமையலறை பின்பக்கம்தானே. அங்கே மேலே சின்ன நாகோ இருக்கட்டும் மாமா?

சிவா மாமா: இருக்கட்டும். அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகை வெட்டி, போல்ட் இப்போதே சுவரில் பதித்துவிடு. மூன்றாம் எச்சரிக்கை வந்தபிறகு டிரில்லைத் தேடக்கூடாது.

கமலா சித்தி: 💪💪

குமரன்: அம்மா, வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னலுக்குக் கொசுவலை உட்பக்கம்தான் வரும். வலையைத் திறந்துதான் கைப்பிடியைத் தொட முடியும். தள்ளுகிற வலையா, கீல் வைத்ததா என்று கடையில் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

சிவா மாமா: கிரில் போட்டால் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி. தீப்பிடித்தால் வெளியே வர வழி வேண்டும்.

வள்ளி: சரி, கடைக்காரருக்கு இப்படி அனுப்புகிறேன்: “கடல் பக்கம் வெளியே திறக்கும் அலுமினியம், லேமினேட்டட் கண்ணாடி, இரண்டு இடத்தில் பூட்டு, சீசைடு கோட்டிங், 316 ஸ்க்ரூ. பழைய சட்டத்தை முழுதாக எடுக்க வேண்டும். சமையலறைக்கு மேலே சின்ன நாகோ. பூச்சு வேலைக்குத் தனி விலை.”

அம்மா: கொசுவலை எழுதினாயா?

வள்ளி: இதோ சேர்க்கிறேன் அம்மா.

குமரன்: சட்டத்தை எடுத்தபிறகு அளவு எடுக்கச் சொல். அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் பார்த்து, குறைந்ததை எழுத வேண்டும். செவ்வாய் எனக்கு லீவு, டேப்போடு வருகிறேன்.

கமலா சித்தி: வருகிறவன் எங்கள் வீட்டு நாகோவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ குமரா.