கல்லடியிலிருந்து மலை ட்ரையத்லனுக்கு: சமதரையில் பயிற்சி போதுமா?

கல்லடி வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் 36 வயதான ஆசிரியன். 2019இல் கொழும்பில் நடந்த அரைத்தூர அயன்மேன் போட்டியில் 1.9 கி.மீ. நீந்தி, 90 கி.மீ. சைக்கிள் மிதித்து, 21.1 கி.மீ. ஓடி முடித்த நாள் முதல் நோர்வேயின் நோர்ஸ்மேன் என்ற மலை ட்ரையத்லன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) என் மனதை விட்டு அகலவில்லை. அதிகாலை 5 மணிக்குப் படகிலிருந்து குளிர்ந்த கடல்நீரில் குதித்து 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிளில் மலைகளைக் கடந்து, 42.2 கி.மீ. ஓட்டத்தின் முடிவில் கௌஸ்தாதொப்பென் சிகரத்தை அடைய வேண்டும். அம்மலையின் உயரம் 1,883 மீற்றர், அதாவது ஏறக்குறைய நுவரெலியாவின் உயரம்.

மட்டக்களப்புக் கரையோரத்திலுள்ள எங்கள் ஊரிலோ ஏற்றம் என்று சொல்வதற்குக் கல்லடிப் பாலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) வீசும் மாதங்களில் காற்றை எதிர்த்து மிதிப்பது மலை ஏறுவதற்கு ஈடாகுமா? பாசிக்குடாவின் வெதுவெதுப்பான நீரில் பழகிய உடலை அந்தக் குளிருக்கு எவ்வாறு பழக்குவது?

கல்முனைச் சைக்கிளோட்டி:

தம்பி, காற்று கால்களுக்கு வலுவைத் தரும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சமதரையில் கியரைக் குறைத்து, வேகத்தை விட்டுக்கொடுத்தால் கால்கள் ஒரே சீராகச் சுழன்றுகொண்டே இருக்கும். மலையில் கடைசிக் கியரும் தீர்ந்த பிறகு விட்டுக்கொடுக்க எதுவும் மிஞ்சாது. மிதி கனத்து, சுழற்சி குறைந்து, முழுப் பாரமும் முழங்காலில் இறங்கும். உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்தால், 1,000 மீற்றர் உயரம் ஏறுவதற்கு, காற்றுத்தடையையும் உராய்வையும் கணக்கில் எடுக்காமலேயே, 200 வாட் வலுவில் சுமார் 65 நிமிடம் இடைவிடாமல் மிதிக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஓய்வே கொடுக்காத வீதி நம் கரையோரத்தில் கிடையாது.

செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குச் செல்லும் ஏ5 வீதிதான் நமக்குக் கிடைத்த பயிற்சிக்கூடம். பிபிலை வரை பஸ்ஸில் சென்று, அங்கிருந்து மிதிக்கத் தொடங்கலாம். மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் 18 வளைவு வீதியும் நல்லது. பின்சக்கரத்தில் 34 பல் உள்ள கியர் தொகுதியைப் போடாமல் போக வேண்டாம்; பின்னால் பல் கூடக் கூட ஏறுவது இலகு. 25 பல்லோடு லுணுகலைக்கு ஏறப் போன நான் இரண்டு கிழமை மாடிப்படி இறங்க முடியாமல் இருந்தேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: இறக்கம். பசறையிலிருந்து திரும்பி வரும்போது பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினேன். ரிம் சூடேறி, ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் டியூப் வெடித்தது. வேலியோரப் புல்லில் விழுந்ததால் தப்பினேன். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடும் பழக்கம் வர வேண்டும். அது மலையில் இறங்கி இறங்கித்தான் வரும்.

களுவாஞ்சிகுடி – ஒஸ்லோ:

நான் போட்டியாளன் அல்ல; நண்பருக்கு உதவியாளராக அந்தப் போட்டிக்குச் சென்றவன். நீச்சல் முடியும் ஐத்பியோர்டு என்ற ஊரில் அவர் கரையேறியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. தலைக்கவசத்தின் கொக்கியை மாட்ட மூன்று முறை முயன்றும் விரல்கள் மடியவில்லை. நான்தான் மாட்டிவிட்டு, கையுறைகளையும் போட்டுவிட்டேன். அடுத்த 35 கி.மீ. ஏறக்குறைய முழுவதும் ஏற்றம் என்பதால் உடல் சூடேறும். ஆனால் 1,200 மீற்றருக்கு மேலுள்ள ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தில், நனைந்த உடையில் காற்றுப் பட்டால் ஓகஸ்ட் மாதத்திலும் நடுக்கம் எடுக்கும்.

பிற போட்டிகளைப் போல வழிநெடுக நீரும் உணவும் வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் உதவியாளர் வாகனத்தில் கொண்டுவந்து தருவதுதான் எல்லாம்; இறுதி மலைப்பகுதியில் அவரும் பையைச் சுமந்து உங்களோடு ஏற வேண்டும். ஆகவே உங்களைப் போலவே அவருக்கும் பயிற்சி வேண்டும். இடங்கள் குலுக்கலில்தான் கிடைக்கின்றன. முன்வரிசையில் வரும் 160 பேருக்கு மட்டுமே சிகரத்தில் முடித்துக் கறுப்புச் சட்டை பெறும் வாய்ப்பு உண்டு. மற்றவர்கள் கீழே முடித்து வெள்ளைச் சட்டை பெறுவார்கள். வெள்ளைச் சட்டைக்காரரும் முழுத்தூரத்தை ஓடியவர்தான். அதை எவரும் இரண்டாம் தரமாக எண்ண வேண்டியதில்லை.

வாழைச்சேனை நீச்சல்:

குளிர்நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு தன்னிச்சையாக வேகமாக இழுக்கும்; அப்போது தண்ணீரைக் குடித்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. சில நிமிடக் குளியல்களைச் சில நாட்கள் தொடர்ந்தாலே அந்தத் திணறல் வெகுவாகக் குறையும். நான் மீன் வாடியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி, உடைத்து, நீலப் பீப்பாவில் போட்டு, வெப்பமானியில் 15 பாகை காட்டிய பிறகு கழுத்தளவு இறங்குவேன். மூச்சை மெதுவாக வெளியே விடுவது ஒன்றுதான் அங்கே வேலை. தனியாக ஒருபோதும் இறங்க வேண்டாம். முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கல்லடி வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வருடம் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. பாடசாலை விடுமுறையில் நான்கு நாட்கள் ஏ5 வீதியில் ஏறி இறங்க எண்ணுகிறேன். உதவியாளராக வரச் சம்மதித்த என் மைத்துனரும் உடன் வருகிறார். கல்முனை அண்ணன், லுணுகலையில் சைக்கிளோடு தங்குவதற்கு ஏற்ற இடம் இருந்தால் தெரியப்படுத்துங்கள்.