மகளை வேலூர் ஹாஸ்டலில் விடப் போகிறோம், ரெண்டு நாள் கூடத் தங்கலாமா?

ஆரணி தறிவீடு:
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குக் காட்பாடிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஹாஸ்டலில் கொண்டுபோய் விடவேண்டும். எங்கள் வீட்டில் ஹாஸ்டல் வாசலை மிதித்தவர்கூட யாரும் இல்லை. அவர் தறியில் ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் புடவை ஓடுகிறது. ஒரு நாள்தான் தறிக்குழியை விட்டு ஏறுவேன் என்கிறார்.

மாமியாருக்கு இதில் இஷ்டமே இல்லை. "வேலூர் என்ன சீமையா? கண்ணமங்கலம் வழியா தினம் பஸ்ல போய் வரட்டும்" என்கிறார். வேலூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் பாலாறு தாண்டிப் போய்த் திரும்பினால் புத்தகத்தைத் தொட நேரம் ஏது என்று மகள் கேட்கிறாள். நான் மகள் பக்கம்தான்.

மெத்தை, இண்டக்ஷன் அடுப்பு, முறுக்கு டின், கொஞ்சம் அரிசி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அரிசி எதற்கு என்று சிரிக்காதீர்கள், ஆரணி அரிசி தின்று வளர்ந்தவளுக்கு மெஸ் சோறு இறங்குமோ என்னவோ. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் எடுத்து ரெண்டு நாள் தங்கி, அவள் பழகியதும் கிளம்பலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

மூன்றாம் வருஷம்:
அம்மா, அரிசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள் 😄 இண்டக்ஷன் அடுப்பை எங்கள் ஹாஸ்டலில் முதல் வாரமே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், உங்கள் இடத்திலும் அநேகமாக அப்படித்தான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு பாட்டில் நல்லெண்ணெய் போதும். முறுக்கு கட்டாயம் வேண்டும், பக்கத்து அறைக்காரர்கள் முதலில் வந்து பேசுவதே அதற்காகத்தான்.

யாரும் சொல்லாதது: கொடிக்கயிறு, கிளிப், அலமாரிக்கு நல்ல பூட்டு. சாவி ஒன்று அவளிடம், இன்னொன்று உங்களிடம். பக்கெட், மக் ரெண்டிலும் நெயில் பாலிஷால் பெயர் எழுதிவிடுங்கள். கம்பளி வேண்டவே வேண்டாம், வேலூர் வெயிலுக்குப் பருத்தி விரிப்பே அதிகம்.

முன்னாள் வார்டன்:
அம்மா, இதே வேலூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பக்கெட், பாய், தலையணையை ஆரணியிலிருந்து சுமக்காதீர்கள். லாங்கு பஜாரிலும் சாரதி மாளிகையிலும் எல்லாம் கிடைக்கும். மெத்தை வாங்குமுன் கட்டிலின் அளவை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சி.எம்.சி. பக்கம் லாட்ஜ் என்றால், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கும் இடம் அது. கடைப் பலகைகூட வங்காளத்தில் இருக்கும். திடீரென்று போய் நின்றால் அறை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் தங்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

நான் பார்த்த வரையில் முதல் ராத்திரி எல்லாப் பிள்ளையும்தான் அழும். பெற்றவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை மறுநாள் காலை வகுப்புக்குப் போகாமல் கேட்டருகே வந்து நிற்கும். அறைத்தோழிகள் அதற்குள் ஒன்றாக மெஸ்ஸுக்குப் போய், ஒன்றாக வழி தெரியாமல் சுற்றி, சிநேகிதம் ஆகியிருப்பார்கள். இந்தப் பிள்ளை தனியாகிவிடும். அதனால் காலையிலேயே வந்து, சாமான் இறக்கி, மதியம் அவளை அறைத்தோழியோடு மெஸ்ஸுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அலமாரியை நீங்கள் அடுக்க வேண்டாம். அலுவலகத்திலும் அவளே பேசட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். நாளைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கேட்கப் போவது அவள்தானே.

ராகிங் பயம் இருக்கும். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தனிச்சட்டம் வந்துவிட்டது. யு.ஜி.சி. விதிப்படி மாணவியும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும், சேர்க்கும்போது கேட்பார்கள். 1800-180-5522 இலவச எண், எந்நேரமும் எடுப்பார்கள். அதை அவள் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

லோக்கல் கார்டியன் என்று யார் பெயரையாவது எழுதும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். ராத்திரி காய்ச்சல் என்று போன் செய்தால் "எந்தப் பொண்ணு?" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம்காரி:
வார்டன் அக்கா சொல்வதில் பாதிக்குத்தான் என் ஓட்டு. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரியா? என் பெண் பேசாமல் உள்ளேயே வைத்துக்கொள்பவள். நான் அன்று ராத்திரி காந்தி நகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் விட்டுப்போன சாமானைக் கொடுக்கிற சாக்கில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

முன்னாள் வார்டன்:
பத்து நிமிஷம் என்றால் சரி, தாயே. நான் சொன்னது வெளியே வேப்பமரத்தடியில் ரெண்டு நாள் உட்கார்ந்திருப்பவர்களை.

ஆரணி தறிவீடு:
எல்லோருக்கும் நன்றி. அரிசியை இறக்கிவிட்டேன், அடுப்பையும். லாட்ஜ் பற்றி மகளிடமே கேட்டேன். "அம்மா, நீ போ, நான் போன் பண்றேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இன்னொன்று, ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். மாதம் 1000 ரூபாய் வரும் என்கிறார்களே, அதற்கு எங்கே போய் எழுதிக் கொடுப்பது?

மூன்றாம் வருஷம்:
புதுமைப் பெண் திட்டம், 2022-லிருந்து இருக்கிறது. எங்கேயும் அலைய வேண்டாம், கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். அவள் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைத்திருக்க வேண்டும். அதை ஆரணியிலேயே முடித்துவிட்டு வாருங்கள், வகுப்பு ஆரம்பித்த பிறகு வங்கிக்கு என்று லீவு கேட்பது பெரிய பாடு. பள்ளிச் சான்றிதழ்களும் டி.சி.யும் ரெண்டு செட் ஜெராக்ஸ்.